விழாவிட்டால் யாருக்கு?

1968-ஆம் ஆண்டில் தமிழக அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு முழக்கம் நாடெங்கும் ஒலித்தது: 'விழுந்தால் வீட்டிற்கு, விழாவிட்டால் நாட்டிற்கு'. கேட்பதற்கு இனிய முழக்கம்தான். இழப்பே இல்லாத ஒரு வாணிகம் இவ்வுலகில் உண்டு என்று அது எளிய மக்களை நம்ப வைத்தது. பரிசு விழுந்தால் நாம் வாழ்வோம், விழாவிட்டால் நம் பணம் பிறரை வாழவைக்கும் என்றால், சீட்டு வாங்காதவன்தான் அறிவிலி ஆகிவிடுகிறான்!

2003 சனவரியில் தமிழகத்தில் பரிசுச் சீட்டு விற்பனை முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. ஆனால் அந்த முழக்கம் விதைத்த எண்ணம் மடியவில்லை. எல்லை கடந்து சென்று கேரளச் சீட்டு வாங்குவோர் இன்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் திருவோணச் சீட்டின் முதல் பரிசு 25 கோடி ரூபாய், திருப்பூரைச் சேர்ந்த நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கே விழுந்தது. அச்செய்தியைப் படித்தோர் எத்தனை பேர் அடுத்த ஆண்டுக்கான 500 ரூபாயை மனத்துக்குள் எடுத்து வைத்திருப்பார்கள்! தெருமுனைகளிலோ மூன்று எண் லாட்டரி மறைவாக விற்கப்படுகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதன் கடன் சுமையால் ஒரு குடும்பமே மாண்டதை நாடு கண்டது. ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வரும் நம் மக்களும் இதற்கு விலக்கல்லர்.

சூது தீது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது நம் நோக்கமன்று. வள்ளுவர் அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்கள் பாடியிருக்கிறார். சூதில் வெற்றி என்பது தூண்டில் முள்ளை மீன் விழுங்குவது போன்றது என்றும், அங்கே ஒன்று கைக்கு வர நூறு கையைவிட்டுப் போகும் என்றும் அவர் உணர்த்துகிறார். நாம் இங்கே சொல்ல விரும்புவது வேறொன்று. பரிசுச் சீட்டு அதிர்ஷ்டத்தைப் பற்றிய விளையாட்டு அன்று. நீதியைப் பற்றிய கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறக் கணிதம் ஒன்றே போதும்.

நீதியிலிருந்து பிறந்த கணிதம்

நிகழ்தகவு என்னும் கணிதத் துறை எவ்வாறு பிறந்தது என்பதை நம் பள்ளி நூல்கள் விரிவாகச் சொல்வதில்லை. 1654-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கத்தோலிக்கச் சிந்தனையாளர் பிளேஸ் பாஸ்கல், பியேர் தெ ஃபெர்மா என்ற கணித அறிஞருடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில் அது உருப்பெற்றது. அவர்கள் முன் இருந்த சிக்கல் இது: இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்கே 64 காசுகளும் உரியன. ஒருவர் இரண்டு ஆட்டங்களும் மற்றவர் ஓர் ஆட்டமும் வென்ற நிலையில் விளையாட்டு நின்றுபோகிறது. அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது நீதி?

பாஸ்கலின் விடை மிகத் தெளிவானது. அடுத்த ஆட்டம் நடந்திருந்தால், முதலாமவர் வென்று 64 காசுகளையும் பெறுவார். அல்லது தோற்றுச் சமநிலைக்கு வந்து 32 காசுகளுக்கு உரியவராவார். ஆகவே எப்படியும் 32 காசுகள் அவருடையவை. எஞ்சிய 32 காசுகளுக்கு இருவருக்கும் சம வாய்ப்பு. ஆதலால் அதைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16. இவ்வாறு ஒவ்வொரு விளைவையும் அது நிகழும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டி வரும் தொகையைத்தான் பின்வந்தோர் 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்றனர். இதைக் குதிரைப் பந்தயக்காரனின் தந்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். யாருக்கு எவ்வளவு உரியது என்ற கேள்விக்கு மனச்சான்றோடு தேடப்பட்ட விடை இது. ஓர் ஆட்டத்தில் நுழைய ஒருவர் கொடுக்கும் விலை அதன் எதிர்பார்ப்பு மதிப்புக்குச் சமமாக இருந்தால் அது நேர்மையான ஆட்டம். விலை அதைவிட மிகுந்தால், மிகுந்த பகுதி அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பரிசுச் சீட்டை அளந்து பார்ப்போம்.

பத்து ரூபாயின் உண்மை விலை

கணக்கு எளிதாகும் பொருட்டு ஒரு சீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு இலக்க எண் கொண்ட 10 இலட்சம் சீட்டுகள். ஒன்றின் விலை 10 ரூபாய். மொத்த வசூல் 1 கோடி ரூபாய். முதல் பரிசு ஒருவருக்கு 20 இலட்சம். அடுத்து 100 பேருக்கு ஆளுக்கு 5,000. 10,000 பேருக்கு ஆளுக்கு 100. 75,000 பேருக்கு ஆளுக்கு 20 ரூபாய். பரிசுகளைக் கூட்டினால் 50 இலட்சம் வரும். எஞ்சிய 50 இலட்சம் முகவர், விற்பனையாளர், அச்சுக்கூடம், வரி, அரசுக் கருவூலம் ஆகியவற்றுக்குப் போகிறது. ஆக, 10 ரூபாய்ச் சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 5 ரூபாய். கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே பாதிப் பணம் போய்விட்டது.

"சராசரிக் கணக்கு நமக்கெதற்கு? நமக்கு விழலாம் அல்லவா?" என்று ஒருவர் வினவலாம். அவருக்குப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இலேயே மறுமொழி கூறிவிட்டார். சீட்டுகளை எவ்வளவு மிகுதியாக வாங்குகிறோமோ அவ்வளவுக்கு இழப்பு உறுதியாகிறது. எல்லாச் சீட்டுகளையும் வாங்கிவிட்டால் இழப்பு முற்றிலும் உறுதி என்பது அவர் வாதம். மேற்சொன்ன சீட்டில் 10 இலட்சத்தையும் ஒருவரே வாங்கினால் அத்தனை பரிசும் அவருக்கே விழும். அவர் 50 இலட்சத்தை இழந்து வீடு திரும்புவார். எல்லாப் பரிசையும் வென்றவனே பாதியை இழக்கிறான் என்றால், ஒரு சீட்டு வைத்திருப்பவனின் நிலை என்ன?

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். அந்த 5 ரூபாயில் 2 ரூபாய் முதல் பரிசைச் சேர்ந்தது. அது ஒருவருக்கே போகிறது. முதல் பரிசு கிடைக்காதவர்களுக்குச் சீட்டு ஒன்றுக்குச் சராசரியாகத் திரும்புவது 3 ரூபாய்தான். நாள்தோறும் ஒரு சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளி 20 ஆண்டுகளில் 7,300 சீட்டுகளுக்கு 73,000 ரூபாய் கொடுப்பார். சிறு பரிசுகளாகச் சற்றேறக்குறைய 21,900 ரூபாய் திரும்பும். 51,100 ரூபாய் போனது போனதுதான். அத்தனை ஆண்டுகளில் அவருக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு, ஏறத்தாழ 137 பேரில் ஒருவருக்கு. விழுவதற்கும் விழாமைக்கும் சம வாய்ப்பு வேண்டுமெனில் அவர் நாள்தோறும் வாங்கிக்கொண்டு 1,900 ஆண்டுகள் வாழ வேண்டும். அதாவது, தொடக்கத் திருச்சபையின் மறைச்சாட்சிகள் உரோமையில் குருதி சிந்திய காலத்திலேயே அவர் முதல் சீட்டை வாங்கியிருக்க வேண்டும்!

இவ்வளவு தெளிவான இழப்பு ஏன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை? வெற்றி பெற்றவரின் படம் நாளேட்டில் வருகிறது. எதுவும் பெறாத 9,14,899 சீட்டுகளுக்குப் படமில்லை. மேலும், 'ஓர் எண்ணில் தவறிப்போயிற்று' என்ற ஏக்கம் மனிதரை மீண்டும் கடைக்கு இழுக்கிறது. ஆறு இலக்க எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் சீட்டுகள் 54 உண்டு. இரண்டு இலக்கங்கள் மாறுபடுபவை 1,215. ஒவ்வொரு குலுக்கலிலும் 54 பேர் 'மயிரிழையில்' தவறுகிறார்கள் என்பது முன்கூட்டியே தீர்மானமான ஒன்று. அவர்கள் வெற்றியை நெருங்கியவர்கள் அல்லர். மற்ற இலட்சக்கணக்கானோரைப் போலவே தோற்றவர்கள். அவ்வாறே, 'இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்துதானே ஆக வேண்டும்' என்பதும் மயக்கமே. குலுக்கும் உருளைக்கு நினைவில்லை. நேற்றுவரை நாம் இழந்ததை அது அறியாது. நமக்கு இரங்கவும் அறியாது.

கற்பனைக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. கேரளத்தின் திருவோணச் சீட்டின் விலை 500 ரூபாய். 2022-இல் 66 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. முதல் பரிசான 25 கோடியை அத்தனை சீட்டுகளுக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 38 ரூபாயைத் தாண்டாது. வென்றவருக்கும் 25 கோடி முழுதாய்க் கிடைப்பதில்லை. முகவருக்கு 10 விழுக்காடு 2.5 கோடி, எஞ்சியதில் 30 விழுக்காடு வருமான வரி 6.75 கோடி, மீதம் 15.75 கோடி. அதற்கும் மேல் கூடுதல் வரி உண்டு. அந்த 15.75 கோடியைப் பகிர்ந்தால் சீட்டு ஒன்றுக்கு 24 ரூபாய்கூட இல்லை. நம் உறக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பெருங்கனவின் கணித மதிப்பு, 500 ரூபாயில் 24 ரூபாய்! பிற பரிசுகள் அனைத்தையும் சேர்த்தாலும் கொடுத்த விலையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. மறைவில் விற்கும் மூன்று எண் லாட்டரியின் கணக்கும் இதுவே. மூன்று இலக்கங்கள் 1,000 வகையில் அமையும். ஆகவே போட்ட பணத்துக்கு 1,000 மடங்கு தருபவன் மட்டுமே நேர்மையாளன். அப்படி ஒரு விற்பனையாளன் கடை வைத்துப் பிழைக்க முடியாது.

நற்பணி என்னும் போர்வை

"வரும் பணம் ஏழைகளுக்குத்தானே போகிறது?" என்பது அடுத்த வாதம். இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கேரள அரசு காருண்யா சீட்டின் வருவாயைக் கொண்டு வறிய நோயாளிகள் பலரின் மருத்துவச் செலவை ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் பலர் சீட்டு விற்று உண்கின்றனர். இவற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வந்தது? மாதம் ஓர் இலட்சம் ஈட்டுபவருக்கு 50 ரூபாய் ஒரு பொருட்டன்று. நாளொன்றுக்கு 500 ரூபாய்க் கூலி பெறுபவருக்கோ அது உழைப்பில் பத்தில் ஒரு பங்கு. இருவருக்கும் சீட்டின் விலை ஒன்றே. வசதியுள்ளவர் மிகுதியாகவும் வறியவர் குறைவாகவும் கொடுப்பதே வரியின் நீதி. பரிசுச் சீட்டு அந்த நீதியைத் தலைகீழாக்குகிறது. ஏழையின் மருத்துவத்துக்கு மற்றோர் ஏழையின் அரிசிப் பணத்தை, அவன் அறியாமையைப் பயன்படுத்தி எடுப்பதை அறம் என்று எப்படி அழைப்பது? மருத்துவமனை தேவை என்றால் வரி விதியுங்கள், வெளிப்படையாகக் கேளுங்கள். கனவைக் காட்டி வசூலிக்காதீர்கள்.

அரசு நடத்துவதால் அது தூய்மை பெற்றுவிடாது. மாநில அரசே நடத்தினாலும் பரிசுச் சீட்டு சூதாட்டமே என்று 1999-இல் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் தடைசெய்த நாடாளுமன்றம், காகிதச் சீட்டை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருக்கிறது. திரையில் தீயது தாளில் நல்லதாகுமோ?

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

பிறரைக் குறை கூறும் விரலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் உரோமையில் 90 எண்களிலிருந்து 5 எண்களை எடுக்கும் லாட்டரி பரவியிருந்தது. ஐந்தையும் சரியாகச் சொல்ல 4,39,49,268-இல் ஒரு வாய்ப்பே உண்டு. திருத்தந்தை 13-ஆம் பெனடிக்ட் அதில் ஈடுபடுவோருக்குத் திருச்சபையிலிருந்து விலக்கும் தண்டனையையே அறிவித்தார். அவருக்குப் பின் வந்த 12-ஆம் கிளமெண்ட் 1731-இல் அதை மீண்டும் அனுமதித்தார். கருவூலம் நிரம்பிற்று. இன்று உலகமே வியந்து பார்க்கும் திரேவி நீரூற்றும், இலாத்தரன் பேராலயத்தின் முகப்பும் அவ்வருவாயின் துணையால் எழுந்தவை. அழகான கட்டடங்கள்தாம், ஐயமில்லை. ஆனால் உரோமை நகரத்து ஏழைகள் தோற்ற காசுகளும் அந்தக் கற்களுக்குள் அடங்கியிருக்கின்றன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நல்ல நோக்கம் தீய வசூலைத் தூய்மையாக்கும் என்ற மயக்கத்துக்குத் திருச்சபையினரும் தப்பவில்லை.

இன்று நம் பங்குகளில் நடப்பது என்ன? திருவிழா வந்தால், ஆலயக் கட்டட நிதி என்றால், அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு அச்சாகிறது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கையில் சீட்டுக் கட்டுகள் தரப்படுகின்றன. 100 ரூபாய் வீதம் 5,000 சீட்டுகள். வசூல் 5 இலட்சம். இருசக்கர வண்டி முதலான பரிசுகளின் மதிப்பு 1.5 இலட்சம் எனக் கொள்வோம். சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 30 ரூபாய். எஞ்சிய 70 ரூபாய் கொடை. கொடை என்று தெரிந்தே வாங்குபவர் குற்றம் செய்யவில்லை. வாய்ப்பு விளையாட்டுகள் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல என்றும், ஒருவரின் அல்லது அவரைச் சார்ந்தோரின் அடிப்படைத் தேவைக்கானதைப் பறிக்கும்போது அவை ஒழுக்கக் கேடாகின்றன என்றும், சூதாட்ட வேட்கை மனிதரை அடிமையாக்க வல்லது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அந்த வரம்பை நாம் ஏற்கிறோம். நம் கேள்வி வேறு: 70 ரூபாய்க் கொடை பெறுவதற்கு 30 ரூபாய் ஆசையைத் தூண்டில் புழுவாகக் கோக்க வேண்டுமா? ஆண்டவரின் இல்லத்துக்குக் கொடுக்கும் மனம் நம் மக்களுக்கு இல்லை என்று நாமே முடிவுகட்டிவிட்டோமா? பத்து வயதுப் பிள்ளைக்கு, 'உழைக்காமல் வண்டி கிடைக்கும்' என்று வீடுவீடாகச் சொல்லக் கற்றுத்தருவது எந்த மறைக்கல்வி?

"விவிலியத்திலேயே சீட்டுப் போட்டார்களே" என்று சிலர் வாதிடுவர். போட்டார்கள், எதற்காக என்று பார்க்க வேண்டும். யோசுவாவின் காலத்தில் நாட்டைப் பங்கிடச் சீட்டுப் போட்டபோது எந்தக் குலத்துக்கு எந்தப் பகுதி என்பதே கேள்வி. நுழைவுக் கட்டணம் கொடுத்து வெறுங்கையோடு திரும்பியவர் அங்கே இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டால் தெரிந்தெடுக்கப்பட்டபோது அவர் பெற்றது பொருளன்று, பணி. பிறர் பொருளைத் தனதாக்கச் சீட்டுப் போட்ட நிகழ்ச்சி நற்செய்தியில் ஒன்று உண்டு: சிலுவையடியில் படைவீரர்கள் ஆண்டவரின் தையலற்ற அங்கிக்காகப் போட்டது. நம் பரிசுச் சீட்டு எதைப் போன்றது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

சீட்டு என்ற சொல்லே நம் தெருக்களில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. பன்னிரண்டு பெண்கள் கூடி மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு, குலுக்கி எடுத்த பெயருக்கு 12,000 ரூபாயைக் கொடுக்கிறார்கள். எடுத்தவரின் பெயர் மறுமாதம் குலுக்கலில் இல்லை. ஆண்டு முடிவில் போட்ட 12,000 ஒவ்வொருவருக்கும் திரும்பி வந்திருக்கும். யாருக்கு முன், யாருக்குப் பின் என்பதை மட்டுமே குலுக்கல் தீர்மானிக்கிறது. பாஸ்கலின் அளவுகோலால் அளந்தால் விலையும் மதிப்பும் அங்கே சமம். கல்லூரி வாயிலை மிதிக்காத நம் தாய்மார்கள் நேர்மையான குலுக்கல் எது என்பதை அறிந்திருக்கிறார்கள். அவர்கள் நடத்துவது நம்பிக்கையால் ஆன சேமிப்பு. அரசும் தரகரும் நடத்துவது நம்பிக்கையை விற்கும் வாணிகம்.

ஆகவே நாம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். மறைக்கல்வி வகுப்பிலும் இளைஞர் கூட்டங்களிலும் எதிர்பார்ப்பு மதிப்பின் கணக்கை ஒரு நாளேனும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பத்து அறிவுரைகளைவிட அந்த ஒரு கூட்டல் ஆழப் பதியும். பங்குப் பேரவைகள் திருவிழாக் குலுக்கலைக் கைவிட்டு, வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, நிதியை நேராகக் கேட்கட்டும். முதல் ஆண்டு வசூல் குறையலாம், குறையட்டும். மூன்றாவதாக, சீட்டு மோகத்தால் கடனில் வீழ்ந்த குடும்பம் நம் அன்பியத்தில் இருந்தால், ஏளனம் செய்யாமல் கடனைத் தீர்க்கும் வழியை அவர்களோடு அமர்ந்து தேடுவோம்.

கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு பாராட்டினார். அவர் தம் பிழைப்புக்கான அனைத்தையும் கொடுத்தார். திரும்ப எதையும் எதிர்பார்க்கவில்லை. அவர் கையில் அக்காசுகளுக்குப் பதிலாக எண் அச்சிட்ட ஒரு துண்டுத் தாளைத் திணித்து, மாலையில் குலுக்கலுக்கு வரச் சொல்லும் துணிவு நம்மில் யாருக்கேனும் உண்டா?